மண்டபமும் மன்றமும்

நலிந்துபோன ஒரு நகரத்தின் நடுப்பகுதிக்கு மீண்டும் உயிரூட்டுவது எவ்வாறு என்ற வினாவுக்கு, ஆட்சிப்பீடத்தில் இருப்போர் பெரும்பாலும் ஒரே விடையைத்தான் கூறி வருகின்றனர். பெரியதொரு பொது மண்டபத்தை அங்கே எழுப்புங்கள், நூலகம், அரங்கு, அலுவலகம் யாவும் ஒரே கூரையின் கீழ் அமையட்டும், மக்கள் வருவார்கள், மக்கள் வந்தால் வணிகம் வரும், வணிகம் வந்தால் நகரம் பிழைக்கும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. முற்றிலும் பொய்யென்று தள்ளிவிடவும் இயலாது. ஆனால் இந்த வாதத்தில் 'மக்கள்' என்ற சொல் வெகு எளிதாக வந்து போகிறது. எந்த மக்கள்? எங்கிருந்து வருவார்கள்? முன்பு அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்? இவ்வினாக்களை எழுப்பியவுடன், வரவு செலவையும் கட்டடக் கலையையும் சார்ந்ததாகத் தோன்றிய பிரச்சினை அறவியற் பிரச்சினையாகிவிடுகிறது. நகரம் யாருக்கு உரியது என்பதே அப்பிரச்சினை.

தத்துவ நூல்களை விரித்து வைத்துக்கொண்டு இதை ஆராய்வதைவிட, மன்னாரின் உப்புக்குளத்தில் நின்று ஆராய்வது கூடுதற் பயன் தரும். அதற்கு முன், நம் கண்ணெதிரே நிகழ்ந்த ஓர் உதாரணத்தை யாழ்ப்பாணத்தில் பார்த்துவிடுவோம்.

யாழ்ப்பாண நகரின் நடுப்பகுதி போரினாற் சிதைந்தது. மாநகர மண்டபம் அழிந்தது. அதற்கும் முன்பே, 1981 மே 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. மீளக் கட்டப்பட்ட அந்நூலகத்துக்கு அருகே, புல்லுக்குளக் கரையில், இந்திய அரசின் நன்கொடையாகப் பதினொரு மாடிப் பண்பாட்டு மையம் ஒன்று இன்று நிமிர்ந்து நிற்கிறது. 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 2023 பெப்ரவரியில் அது மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. 600 பேர் அமரக்கூடிய அரங்கம் அதனுள் இருக்கிறது. கலைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் அதனால் நன்மை உண்டு என்பதை மறுப்பது நேர்மையாகாது.

எனினும், கட்டி முடிந்த பின்னர் எழுந்த சிக்கல்கள் சிந்திக்கத்தக்கவை. முதலாவது, இத்தனை பெரிய மாளிகையைப் பராமரிக்கும் செலவை மாநகரசபை தன் சொந்த வருவாயைக் கொண்டு தாங்குவது எவ்வாறு என்பது. இரண்டாவது சிக்கல் 2025 ஜனவரியில் வந்தது. அக்கட்டடத்துக்குத் 'திருவள்ளுவர் பண்பாட்டு மையம்' என்று பெயர் சூட்டப்பட்டது. வள்ளுவரை வேண்டாமென்று சொல்லத் தமிழருள் யார் இருக்கிறார்? ஆயினும் நகரில் எதிர்ப்பு எழுந்தது. யாழ்ப்பாணம் என்ற பெயர் எங்கே, எங்களை யார் கேட்டார்கள் என்றே மக்கள் வினவினர். பின்னர் அப்பெயர் மீண்டும் சேர்க்கப்பட்டது. இதைச் சிலர் வெறும் பெயர்ச் சண்டையென்று எள்ளி நகையாடினர். நகைப்பதற்கு முன் நாட்காட்டியைப் பார்த்திருக்கலாம். இலங்கை முழுவதிலும் உள்ளூராட்சி மன்றங்களின் ஆயுள் 2023 மார்ச்சில் முடிந்தது. ஒத்திவைக்கப்பட்ட தேர்தல் 2025 மே மாதத்திலேதான் நடைபெற்றது. அஃதாவது, நகரத்தின் நடுவே மிகப் பெரிய பொது மண்டபம் கையளிக்கப்பட்ட மறுமாதமே நகரத்தின் தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாமற் போயிற்று; அம்மண்டபத்துக்குப் பெயர் சூட்டிய நாளில் யாழ்ப்பாணத்து மக்களின் பெயரால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. மண்டபம் இருந்தது, மன்றம் இல்லை.

இதற்குப் பக்கத்திலேயே நிற்கும் பொது நூலகத்தின் வரலாறு வேறு விதமானது. 1930களின் தொடக்கத்தில் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் வீட்டிலே நூல்களைத் திரட்டித் தொடங்கிய முயற்சி அது. ஊர்ப் பெரியோரும் பொதுமக்களும் கைகொடுத்து, படிப்படியாக வளர்ந்து, 1959இலே தனக்கென எழிலார்ந்த கட்டடத்தில் குடிபுகுந்தது. வாசகர் முதலில், நூல்கள் அடுத்து, கட்டடம் இறுதியில். அது எரிந்தபோது, அதனுள் ஒருநாளும் காலடி வைத்திராதவனும் தன் வீடு எரிந்ததாக அழுதானே, அதன் காரணம் இவ்வரிசையில்தான் இருக்கிறது.

மண்டபம், மன்றம் என்ற இரு சொற்களையும் நாம் வேறுபடுத்திப் பேசுவது சொல் விளையாட்டுக்காக அன்று. பழந்தமிழர் ஊரின் நடுவிலிருந்த பொதுவிடத்தை மன்றம் என்றனர். பொதியில் என்றும் வழங்கினர். பொதியில் என்பதைப் பொது இல் என விரித்துப் பொருள் காண்பர். பெரும்பாலும் ஒரு மரநிழலும் திண்ணையுமே அதன் கட்டடம். அகநானூற்றின் பாலைத்திணைப் பாடல்களிலே, குடிகள் ஓடிப்போனதால் பாழ்பட்டுக் கிடக்கும் பொதியில்களைப் புலவர் காட்டுகின்றனர். திண்ணையும் தூணும் அங்கேயே இருக்கின்றன. கூடுவோர் இல்லாத காரணத்தால் அது பாழ். நகர நடுப்பகுதியின் நலிவு குறித்து இன்று எழுதப்படும் தடித்த அறிக்கைகளைக் காட்டிலும் அப்புலவர்களுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது எனலாம்.

பழமையைப் போற்றுவதோடு நின்றுவிடவும் கூடாது. எல்லோரும் ஏறக்கூடிய திண்ணையாக எல்லா மன்றமும் இருந்ததில்லை. வட இலங்கையிலே பொதுவிடம் எனப்பட்ட பலவும் சாதியால் ஒடுக்கப்பட்டோருக்கு மூடியே கிடந்தன. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதன் பின் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் நடந்த நுழைவுப் போராட்டங்களும், தடியடியையும் உயிரிழப்பையும் தாங்கி அவற்றைப் பொதுவாக்கின. பொது என்பது எழுதி வைத்த பெயர்ப்பலகையால் வருவதன்று. விலக்கப்பட்டவன் உள்ளே வந்து உட்கார்ந்த அன்றே ஓரிடம் பொதுவிடமாகிறது.

மேலை நாடுகளின் அனுபவமும் இதுவே. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நடுப்பகுதி சீர்கெட்டுவிட்டதென்று கூறி, 1960களின் தொடக்கத்தில் ஸ்கொலி சதுக்கத்தையும் அதைச் சூழ்ந்த தெருக்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். அவ்விடத்தில் மாபெரும் நகர மண்டபமும் செங்கற் பாவிய பரந்த வெளியும் எழுந்தன. அங்கு வாழ்ந்திருந்த ஏழைகளும் சிறு கடைக்காரரும் சிதறிப்போயினர். அவ்வெளி பல பத்தாண்டுகள் காற்று மட்டும் உலாவும் வெளியாகக் கிடந்தது. மாறாக, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 1899இல் திறக்கப்பட்ட மக்கள் இல்லம் தொழிலாளர் இயக்கம் தானே எழுப்பியது. விக்டர் ஹோர்ட்டா என்னும் சிற்பி வரைந்தது. கூட்டுறவுக் கடையும் கூட்ட மண்டபமும் அங்கே ஒரே கூரையின் கீழிருந்தன. உலகமே கலைச் செல்வமெனப் போற்றிய அக்கட்டடத்தை 1965இல் இடித்துவிட்டு அலுவலக மாடி ஒன்றை எழுப்பினர். அதை எழுப்பிய தலைமுறையின் இயக்க வேகம் அப்போது அங்கே இல்லை. மன்றம் தளர்ந்தபின் மண்டபத்தைக் காப்பார் யார்?

இனி உப்புக்குளத்துக்கு வருவோம்.

பெருநிலத்திலிருந்து பாலத்தைக் கடந்து மன்னார்த் தீவுக்குள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது 1560இல் போர்த்துக்கேயர் கட்டிப் பின்னர் ஒல்லாந்தர் திருத்திய கோட்டை. அதையடுத்து நகரம். அந்நகரோடு ஒட்டிய குடியிருப்பே உப்புக்குளம். முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. மீன்பிடியும் வணிகமும் அவர்களின் வாழ்வு. அதன் கரையிலேதான் கோந்தைப்பிட்டி இறங்குதுறை இருக்கிறது.

மன்னார் ஒரு காலத்தில் உலகத்துக்குப் போகும் வழியில் இருந்த ஊர். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, கொழும்பிலிருந்து புறப்படும் புகையிரதம் சென்னைப் பயணத்தின் முதற் பாதியாயிற்று. மலையகத் தோட்டங்களுக்கு உழைக்க வந்த ஏழைத் தமிழரும் இத்தீவின் மண்ணை மிதித்தே போயினர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் 1980களின் முற்பகுதியோடு நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. வழியில் இருந்த ஊர் வழியின் முடிவில் இருக்கும் ஊராயிற்று. நகர நடுப்பகுதியின் நலிவுக்கு இவையெல்லாம் காரணங்கள்தாம். 2015 மார்ச்சில் தலைமன்னார்த் துறை வரை மீண்டும் புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, இவற்றுள் ஒன்றேனும் சீர்செய்யப்பட்டது.

ஆனால் தண்டவாளத்தாற் சீர்செய்ய இயலாத ஒன்று 1990 ஒக்டோபரில் நிகழ்ந்தது. வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் கடல் வழியே கற்பிட்டியை நோக்கி அனுப்பப்பட்டனர். உப்புக்குளமும் வெறுமையாயிற்று. கடைத்தெருவில் கடன் கொடுத்தவனும் வாங்கியவனும், வலை விற்றவனும் வாங்கியவனும், ஒருவர் வீட்டு விருந்துக்கு மற்றவர் போனவரும் ஒரு வாரத்துக்குள் பிரிக்கப்பட்டனர். கடைக்கதவுகள் அங்கேயே இருந்தன, தெருவும் இருந்தது. ஒரு கல்லைக்கூடப் பெயர்க்காமல் ஒரு நகரத்தின் நடுவைப் பெயர்த்தெடுத்துவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஒடுக்குமுறைக்கு எதிராகப் போராடியதாகக் கூறிய ஓர் இயக்கம் இதைச் செய்தது என்பதையும், தமிழர் பொதுவாழ்வு இதை நெடுங்காலம் உரக்கப் பேசவில்லை என்பதையும் முற்போக்காளர் மறைக்கலாகாது. பேசத் தயங்கியோர் கூறிய காரணம், காலம் சரியில்லை என்பது. கற்பிட்டிக் கரையிலும் புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலும் கிடந்தோருக்குக் காலம் எப்படி இருந்ததாம்?

போர் 2009இல் முடிந்தது. போனவர்கள் திரும்பத் தொடங்கினர். கோந்தைப்பிட்டித் துறையில் வேறு வள்ளங்கள் கட்டப்பட்டிருந்தன. அவ்வள்ளங்களின் சொந்தக்காரர் அபகரிக்க வந்த செல்வந்தர் அல்லர். விடத்தல்தீவிலிருந்து போரினால் துரத்தப்பட்ட தமிழ் மீனவர், அவர்களும் அகதிகள். ஒருவர் இழந்த துறையில் மற்றோர் இழந்தவர் தம் வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். பிணக்கு முற்றி, 2012 யூலையில் உப்புக்குளத்து மீனவர் வீதிக்கு இறங்கினர். அந்நாளில் மன்னார் நீதிமன்றத்தின் மீது கற்கள் எறியப்பட்டன. அதைக் கண்டித்து நாடெங்கும் சட்டத்தரணிகள் பணியைப் பகிஷ்கரித்தனர். செய்தித்தாள்கள் அரசியல்வாதிகளின் பெயர்களை எழுதித் தள்ளின. துறையைப் பற்றி எழுதியது குறைவு.

நாம் துறையைப் பற்றியே சிந்திப்போம். 'உழுபவனுக்கே நிலம்' என்பது நம் இயக்கங்களின் முழக்கம். நிலத்தில் உழைக்காமல் விளைவை உண்பவனுக்கு எதிராக எழுந்த நியாயமான முழக்கம் அது. இதையே கரைக்குப் பொருத்தி, 'வலை வீசுபவனுக்கே துறை' என்று கூறிவிடலாமா? கூறினால், 2012இல் வலை வீசிக்கொண்டிருந்தவன் விடத்தல்தீவான். உப்புக்குளத்தான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வலை வீசவில்லை. ஏன் வீசவில்லை என்ற கேள்விக்கு அம்முழக்கத்தில் இடமில்லை. உழைப்பிலிருந்து பிறக்கும் உரிமை என்ற கோட்பாடு, உழைக்க விடாமல் ஒருவன் துரத்தப்பட்டான் என்ற உண்மையைக் கணக்கிலெடுக்காவிட்டால், துரத்தியவனுடைய வேலையை முடித்துவைக்கும் கோட்பாடாகிவிடும். மறுபுறத்தில், 'முன்னிருந்தவனுக்கே துறை' என்று சொல்வோமாயின், அது பாரம்பரியச் சொத்துரிமை பேசுவோரின் வாதம். இடம்பெயர்ந்த ஏழையை மீண்டும் ஒருமுறை கடலில் தள்ளும் வாதம்.

எம் தீர்ப்பு இது. பலவந்தத்தால் நேர்ந்த இன்மை எத்தனை ஆண்டு நீடித்தாலும் உரிமையை அழிப்பதில்லை. ஆகவே உப்புக்குளத்தாரின் உரிமையை முதலில் ஐயத்துக்கிடமின்றி ஏற்றாக வேண்டும். அதே வேளை, துன்பத்தால் உந்தப்பட்டு அங்கு வந்தவனைத் திருடனாக நடத்தும் உரிமையை அந்த ஏற்பு யாருக்கும் தருவதில்லை; அவன் சொந்தக் கரையில் அவனுக்குத் துறையும் வாடியும் அமைத்துக் கொடுக்கும் கடன் அரசுக்கும் சமுதாயத்துக்கும் உண்டு. எந்த நாளில், எந்த வள்ளம், எத்தனை காலத்துக்கு என்பதெல்லாம் எந்தக் கோட்பாட்டிலிருந்தும் கணக்குப்போட்டு எடுக்கக்கூடியவை அல்ல. இரு சாராரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியவை. கச்சேரி மேசைக்கு முன்னே மனுவோடு நிற்பது அவ்வாறு உட்காருவதாகாது. நீதிமன்றம் சட்டத்தைச் சொல்லும். அதற்குக் கல்லெறிவது குற்றம். ஆனால் நாளைக் காலையில் பக்கத்துப் பக்கத்தில் வள்ளம் தள்ளவேண்டியவரை அது நண்பராக்காது. மீன் விலையைத் தீர்மானிக்கும் மொத்த வியாபாரிக்கோ எவர் வள்ளம் எங்கே கட்டப்பட்டாலும் ஒன்றுதான் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

மன்னாருக்கு ஒரு பொது நிலையம் வேண்டுமென்றால் அது இதற்காகவே வேண்டும். வருவோர் படம் பிடித்துக்கொள்ள ஒரு முகப்பு வேண்டுமென்பதற்காக அன்று.

கட்டுவது என்று வரும்போது மற்றொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. 2018 மார்ச்சில், மன்னார் நகரின் நுழைவாயிலில் சதொச விற்பனை நிலையத்துக்குப் புதிய கட்டடம் எழுப்ப நிலத்தைத் தோண்டினர். தோண்டிய மண் வீட்டு வளவுகளை நிரப்ப விற்கப்பட்டது. அம்மண்ணில் மனித எலும்புகள் கிடந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்ந்தபோது 300க்கும் அதிகமான எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளுடையவும் அவற்றுள் இருந்தன. 2019இல் வந்த அமெரிக்க ஆய்வுகூடத்தின் கரிமக் காலக்கணிப்பு அவை பல நூற்றாண்டுகள் பழமையானவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் அவ்விடையால் அமைதியடையவில்லை. அவர்களைக் குறைகூறுவோர், விஞ்ஞானத்தை ஏற்காத உணர்ச்சிவசப்பட்டோர் என்றனர். எலும்புகளின் வயதை ஆய்வுகூடம் கூறும். என் மகன் எங்கே என்ற தாயின் வினாவை அக்காலக்கணிப்பு தொடவேயில்லை. அதற்குப் பதிலளிக்க வேண்டியவர்கள் வேறு. நகரத்தின் நடுவிலே பொதுக் கட்டடம் ஒன்றுக்கு அத்திவாரம் போட முனைந்த போதெல்லாம் நிலமே இப்படி எழுந்து கேள்வி கேட்குமாயின், முதலில் அக்கேள்வியை அமர்ந்து கேட்பதற்குரிய இடமாக அக்கட்டடம் அமையட்டும். காணாமற் போனோரின் பெயர்களைச் சொல்லவும், பதிவு செய்யவும், வேண்டுமானால் வாய்விட்டு அழவும் ஓர் அறை அதில் இருக்கட்டும்.

உறுப்பினர் யார் என்ற வினாவும் உண்டு. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் நாளன்று, புத்தளத்தில் வாழும் இடம்பெயர்ந்த முஸ்லிம்கள் மன்னாரில் வாக்களிப்பதற்காகப் பேருந்துகளில் புறப்பட்டு வந்தனர். தந்திரிமலைப் பகுதியில் அப்பேருந்துகள் மீது துப்பாக்கியாற் சுட்டனர். சொந்த ஊரில் வாக்களிக்க இவ்வளவு தூரம், இவ்வளவு ஆபத்துக்கிடையே வருபவர் எவரோ அவர் அந்நகரத்தின் குடிமகனே. 'இங்கே குடியிருக்கிறீரா, பத்திரம் எங்கே' என்று மட்டும் கேட்கும் பொது நிலையம் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். எனவே நகரசபை ஒரு நிலையத்தை அமைப்பின், அதன் நிர்வாகக் குழுவில் உப்புக்குளத்தாருக்கும் பள்ளிமுனையாருக்கும் விடத்தல்தீவாருக்கும் இடமிருப்பது போலவே, இன்னும் திரும்பி வராதவர்களுக்கும் நாற்காலி இருக்கவேண்டும். வட பகுதிக் கிராமங்களின் சனசமூக நிலையங்களை நாம் அறிவோம். ஒரு வாசிகசாலை, இரண்டு பத்திரிகை, நாலு வாங்கு, வருடாந்தப் பொதுக்கூட்டம், தலைவரைக் கேள்வி கேட்கும் உரிமை. பதினொரு மாடியிற் காணாத பொருள் அச்சிறு கொட்டகையில் இருக்கிறது. பொதுக்கூட்டத்தில் எழுந்து 'கணக்கைக் காட்டுங்கள்' என்று ஒரு கூலித் தொழிலாளி கேட்கிறான்.

இவையெல்லாம் வெறுங் கனவென்று சொல்வோருக்கு 2025ஆம் ஆண்டை எடுத்துக்காட்டலாம். மன்னார்த் தீவில் மேலும் காற்றாலைகள் நிறுவுவதற்கும் கனிம மணல் அகழ்வதற்கும் எதிராக, அவ்வாண்டு ஆகஸ்டு முதல் மக்கள் நகரின் நடுவிலே இரவு பகலாக அமர்ந்தனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இந்துக்களும் அங்கே வந்தனர். செப்டம்பர் இறுதியில் காவற்றுறையின் தடியடியையும் கண்டனர். காற்றாலைத் திட்டத்தின் நன்மை தீமைகளைத் தனியே வாதிக்கலாம். தூய மின்சாரம் வேண்டாமென்று சொல்ல நாம் துணியோம். இங்கே நாம் குறிப்பிடுவது வேறொன்று. நலிந்துவிட்டதென்று கருதப்பட்ட நகர நடுவுக்கு அந்நாட்களில் உயிர் வந்தது. யாரும் அங்கே கட்டடம் கட்டியிருக்கவில்லை. தம் ஊரின் எதிர்காலத்தைத் தாமே தீர்மானிக்க வேண்டுமென்று கூடியவர்கள், தரையில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பின்னர் ஒருநாள் அந்தப் பாய்க்கு மேலே கூரை போடப் பணம் கிடைக்குமாயின் வேண்டாமென்று கூற வேண்டியதில்லை. இடம் பற்றி மட்டும் ஒரு சொல். கோட்டையைப் பார்க்க வருவோரின் வசதிக்காக அதைப் பாலத்தடியில் கட்ட வேண்டாம். நகரத்துக்கும் கோந்தைப்பிட்டிக்கும் இடையே ஒரு வளவைத் தேடட்டும். காலை ஏலம் முடிந்த கையோடு, மண்ணும் செதிலும் ஒட்டிய காலுடன், இரு ஊர் மீனவரும் நடந்து வந்து உட்காரக்கூடிய தொலைவில் அது இருக்கவேண்டும்.